நீரடிக் குகையில் வழியறிதலும் குறிப்பெடுத்தலும்: முழுமையான வழிகாட்டி

உள்ளே போகும்போது ஒற்றைச் சுரங்கமாகத் தெரிந்த இடம், திரும்பி வரும்போது இரண்டாகப் பிரிந்து நிற்கும். பக்கத்துச் சுரங்கம் ஒன்று நாம் போகும் திசையிலேயே சாய்வாக வந்து கலந்திருந்தால், அதன் வாய் நம் தோளுக்குப் பின்னால் மறைந்துவிடும். முன்னே பார்த்து நீந்துகிறவர் அதைக் கவனிக்காமலேயே கடந்துவிடுவார். திரும்பும்போதுதான் ஒரே அளவில் இரண்டு இருட்டு வாய்கள் எதிரே வந்து நிற்கும். அதற்குள் காற்றில் மூன்றில் ஒரு பங்கு தீர்ந்திருக்கும், உடம்பில் குளிர் ஏறியிருக்கும், நம் காலில் மாட்டிய துடுப்புகள் கிளப்பிய வண்டல் நீரில் தொங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வழிகாட்டியை ஒரே ஒருவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்: திரும்பி வருகிற நீங்கள். உள்ளே போகும்போது இருக்கும் தெளிவு அந்த ஆளிடம் இருக்காது. வாயிலிருந்து வழிகாட்டியாக விரித்துக்கொண்டு போகும் கயிற்றில் போடும் அடையாளம், தாளில் எழுதும் எண், சந்தியில் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பது எல்லாமே அவருக்காகச் செய்பவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குகை முக்குளிப்புக்கென்று தனிப் பயிற்சி பெறாதவர், திறந்த நீரில் எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், இதைப் படித்துவிட்டுக் குகைக்குள் இறங்கக் கூடாது. மற்றவர்களுக்கு முக்குளிக்கக் கற்றுத்தருகிற ஆசிரியர்களே குகைகளில் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி 1970களில் குகை மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது திரும்பத் திரும்பக் கண்ட காரணங்கள் மூன்று: வெளிநீர் வரை தொடர்ச்சியான கயிறு இல்லாமை, திரும்புவதற்குப் போதிய காற்றை ஒதுக்காமை, அளவுக்கு மீறிய ஆழம். முதல் காரணமே வழியறிதலைப் பற்றியதுதான். இங்கே எழுதியிருப்பது பயிற்சியில் கற்றதைக் கூர்மைப்படுத்திக்கொள்ள மட்டுமே.

1. கரையிலேயே தொடங்குங்கள்

குகையின் வரைபடம் கிடைத்தால், போகப்போகும் பாதையை மட்டும் உங்கள் கையால் குறிப்பேட்டில் வரைந்துகொள்ளுங்கள். அச்சிட்ட படத்தை ஒட்டிவைப்பதும் கையால் வரைவதும் ஒன்றல்ல. வரையும்போது ஒவ்வொரு சந்தியிலும் பென்சில் நிற்கும். அங்கே எந்தப் பக்கம் என்று மனமும் ஒருமுறை நின்று யோசிக்கும். சந்திகளுக்கு 1, 2, 3 என்று எண் கொடுங்கள். கூட்டாளியின் குறிப்பேட்டிலும் அதே எண்கள் இருக்க வேண்டும். நீருக்கடியில் பேச முடியாதபோது "2" என்று விரலில் காட்டினால் இருவருக்கும் ஒரே இடம் நினைவுக்கு வர வேண்டும்.

குறிப்பேடு நீர்புகாத பிளாஸ்டிக் தாளால் ஆனதாக இருக்கட்டும். பேனா வேண்டாம், மரப் பென்சில் போதும். அதை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் இரு முனைகளையும் சீவிக்கொள்ளுங்கள். ஒரு முனை உடைந்தால் மறுமுனை இருக்கும். ஒரு துண்டைக் குறிப்பேட்டோடு நூலில் கட்டுங்கள், மற்றொன்றைப் பையில் வையுங்கள். மரம் மிதக்கும். கட்டாத பென்சில் கை நழுவினால் கீழே விழாது. நேராக மேலே போய்க் குகைக் கூரையின் ஏதோ ஒரு குழியில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தேடிக் கூரையைத் தடவினால் அங்கிருக்கும் தூசு முழுவதும் உங்கள் மேல் இறங்கும்.

எழுத வேண்டிய பக்கத்தை ஒரு ரப்பர் பட்டையால் பிடித்து வையுங்கள்; தடித்த கையுறையோடு பக்கம் புரட்டுவது பெரும்பாடு. குறிப்பேடு எப்போதும் ஒரே பையில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும்.

2. திரும்பும் எண்ணை முதல் வரியில் எழுதுங்கள்

காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மீதி ஒரு பங்கு அவசரத்துக்கு. இந்த விதி பலருக்கும் தெரிந்ததுதான். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தோடு இறங்கினால், மூன்றால் வகுபடும்படி கணக்குக்கு மட்டும் அதை 180 ஆகக் குறைத்துக்கொண்டு, 60 பார் செலவானதும், அதாவது மானி 140 காட்டியதும் திரும்ப வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளாமல் "திரும்பு 140" என்று பக்கத்தின் உச்சியில் பெரிதாக எழுதுங்கள். குழுவில் யாருடைய எண் முதலில் வருகிறதோ, அப்போதே எல்லோரும் திரும்ப வேண்டும்.

நீர் குகையிலிருந்து வெளியே வரும் ஊற்றுகளில் திரும்பும்போது நீரோட்டம் நம்மைத் தள்ளிவிடும். நீரை உள்ளே இழுக்கும் குகைகளில் நிலைமை நேர்மாறு. திரும்பும் வழி முழுவதும் எதிர்நீச்சல். அங்கே மூன்றில் ஒரு பங்கு என்பதே அதிகம், இன்னும் முன்னதாகத் திரும்ப வேண்டும். எந்த வகைக் குகை என்பதையும் முதல் வரியிலேயே குறித்துவிடுங்கள்.

3. கயிறு: வழியறிதலின் முதுகெலும்பு

காம்பஸ், வரைபடம், நினைவு, நீரோட்டம் எல்லாம் கயிற்றுக்குத் துணை. கயிற்றுக்கு மாற்று எதுவும் கிடையாது. 2018இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய சிறுவர்களைத் தேடிப் போன பிரிட்டன் முக்குளிப்பாளர்கள் ஜான் வோலாந்தனும் ரிக் ஸ்டாண்டனும் கலங்கிய நீரில் கயிறு விரித்தபடியேதான் முன்னேறி, ஜூலை 2 அன்று அவர்களைக் கண்டுபிடித்தார்கள். பிறகு அவர்களை வெளியே கொண்டுவந்ததும் அதே கயிற்றைக் கையால் தடவித்தான்.

முதல் முடிச்சைத் திறந்த நீரில் போடுங்கள். அந்த இடத்திலிருந்து தடையில்லாமல் நேரே மேலே போய் மூச்சுவிட முடிய வேண்டும். இரண்டாவது முடிச்சு, குகைவாய்க்குள் சற்றே தள்ளி. முதல் முடிச்சு எப்படியாவது அவிழ்ந்தாலும் இரண்டாவது காப்பாற்றும். அங்கிருந்து கயிறு எப்போதும் இறுக்கமாக இருக்கட்டும். தொளதொளவென்று தொங்கும் கயிறு துடுப்பிலும் சிலிண்டர் வால்விலும் மாட்டும்.

கயிற்றைப் போடும்போதே அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துத் திரும்புவதாக எண்ணிப் பாருங்கள். சுரங்கம் வளையும் இடத்தில் கயிறு உள்மூலையை ஒட்டி இழுபட்டு, கை மட்டும் நுழையும் பாறைப் பிளவுக்குள் போய்விடும். கண் தெரியும்வரை அதைச் சுற்றி நீந்திவிடலாம். இருட்டில் கயிறு போன இடத்துக்கு ஆள் போக முடியாது. ஆகவே வளைவுக்கு முன்னும் பின்னும் பாறையில் ஒரு சுற்று சுற்றிக் கயிற்றை வெளியே நிறுத்துங்கள்.

ஏற்கெனவே நிரந்தரக் கயிறு உள்ள குகைகளில் பெரும்பாலும் அந்தக் கயிறு வாயிலிருந்து சற்று உள்ளே தள்ளித்தான் தொடங்கும். பயிற்சியில்லாதவர்கள் அதைப் பார்த்து ஆசைப்பட்டு உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. திறந்த நீரிலிருந்து அதுவரை உங்கள் ரீலின் (கயிறு சுற்றிய உருளையின்) கயிறு போய்ச் சேர வேண்டும். "இதோ கண்ணுக்குத் தெரிகிறதே" என்று இடையில் கயிறில்லாமல் தாண்டக் கூடாது. ஒரு கயிற்றிலிருந்து பக்கத்துச் சுரங்கத்தின் கயிற்றுக்கு மாறுவதை ஜம்ப் என்பார்கள். அங்கும் இதே விதிதான்: ஸ்பூலை (சிறிய கயிற்றுச் சுருளை) எடுத்து இரண்டையும் இணைத்த பிறகே மாற வேண்டும்.

4. சந்தியில் செய்ய வேண்டியவை

இந்தக் கலையில் உயிர் தங்கியிருப்பது சந்தியில்தான். இங்கே அவசரப்படுகிறவரோடு நான் முக்குளிக்க மாட்டேன்.

கயிற்றில் போடும் அடையாளங்கள் இரண்டு வகை. பிளாஸ்டிக் அம்பு திசை சொல்லும். அதன் முனை எப்போதும் வெளியேறும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். குக்கி என்று அழைக்கப்படும் வட்ட வில்லை திசை சொல்லாது. "நான் இந்த வழியாக வந்தேன்" என்று மட்டும் சொல்லும். இரண்டையும் விரலால் தடவியே பிரித்தறியலாம், வெளிச்சம் தேவையில்லை. ஒவ்வொருவரும் தங்கள் அடையாளத்தில் தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு வெட்டோ முடிச்சோ வைத்திருப்பது நல்லது.

கயிறு டி வடிவில் பிரியும் சந்தியில், நீங்கள் வந்த பக்கத்துக் கயிற்றில், அதாவது வெளியேறும் பக்கத்தில், உங்கள் அடையாளத்தை மாட்டுங்கள். குழுவில் ஒவ்வொருவரும் மாட்ட வேண்டும். திரும்பும்போது அவரவர் தங்களுடையதை மட்டும் எடுக்க வேண்டும். இன்னொருவரின் வில்லை அங்கே தொங்கினால் அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று பொருள். அதைத் தொடாதீர்கள். குகையில் பழைய அம்புகள் இருந்தாலும் சந்தியில் உங்கள் அடையாளத்தைப் போடுங்கள். இரண்டு வாசல்கள் உள்ள குகையில் அந்த அம்பு காட்டும் "அருகிலுள்ள வெளி" நீங்கள் வந்த வாசலாக இல்லாமலும் போகலாம்.

அடையாளம் போட்டதும் உடம்பை முழுவதும் திருப்பி, வந்த வழியைப் பாருங்கள். டார்ச்சைக் கூரையிலிருந்து தரைவரை மெல்ல நகர்த்துங்கள். திரும்பி வருகிறவர் காணப்போகும் காட்சி அதுதான். உடைந்த தூண், வெள்ளைக் கோடு ஓடும் பாறை என்று ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து எழுதிக்கொள்ளுங்கள்.

மெக்சிகோவின் யூகாட்டன் தீபகற்பத்தில் சாக் ஆக்டுன் குகை 2018 தொடக்கத்தில் டோஸ் ஓஜோஸ் குகையோடு இணைக்கப்பட்டபோது அதன் அளக்கப்பட்ட நீளம் 347 கிலோமீட்டர் ஆயிற்று. அப்படிப்பட்ட வலைப்பின்னலில் நினைவை நம்பி யாராலும் நடமாட முடியாது.

5. நீருக்குள் எழுதுவது எப்படி

முதலில் நில்லுங்கள். நீந்திக்கொண்டே எழுதுகிறவர் தன்னையறியாமல் ஒரு மீட்டர் இறங்கிவிடுவார். அடுத்த நொடி முழங்கால் வண்டலில் இருக்கும். மிதப்பைச் சரிசெய்து, கூட்டாளிக்கு "எழுதுகிறேன்" என்று சைகை காட்டி, பிறகு குறிப்பேட்டைத் திறங்கள். டார்ச் ஒளி இங்குமங்கும் வேகமாக அலைந்தால் அது ஆபத்துச் சைகை. எழுதும்போது கை ஆட்டத்தில் ஒளி அலைந்து கூட்டாளியைப் பதறவைத்துவிடக் கூடாது. கூட்டாளி அந்த நேரத்தில் கயிற்றைக் கண்ணிலும் கைக்கெட்டும் தூரத்திலும் வைத்திருக்க வேண்டும்.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி:

திரும்பு 140 – நீர் வெளியே ஓடும்
வாய் – 3 மீ – 0:00 – 200
1 – டி – போனது வலது – வெளி 230° – 14 மீ – 0:11 – 175
2 – ஜம்ப் இடது – வெளி 195° – 17 மீ – 0:19 – 155 – வெள்ளைக் கோட்டுப் பாறை, கயிற்றுக்குக் கீழே
திரும்பியது – 0:24 – 140

எண், சந்தியின் வகை, போன பக்கம், வெளியேறும் திசை, ஆழம், நேரம், அழுத்தம் என்று எப்போதும் இதே வரிசையில் எழுதுங்கள். "வெளி" என்று எழுதுவது வெளியேறும் திசையின் காம்பஸ் எண். உள்ளே போகும் திசையின் எண் கூடாது. அதை எழுதினால் திரும்பும்போது 180 கூட்டியோ கழித்தோ பார்க்க வேண்டும். மேசையில் குழந்தைகூடப் போடும் கணக்கு அது. 30 மீட்டர் ஆழத்தில், நைட்ரஜன் மயக்கம் மெல்லப் படியும்போது, அந்த எளிய கணக்கிலும் மனம் தடுமாறும்.

எண்களைப் பெரிதாக எழுதுங்கள். தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். முதலில் எழுதியதே சரி என்று பிறகு தெரிய வரலாம்.

முதன்மை டார்ச்சின் முழு ஒளியை வெள்ளைத் தாளில் அடித்தால் கண் கூசும். தலை நிமிர்ந்ததும் குகை கறுப்பாகத் தெரியும். ஒளியின் ஓரம் மட்டும் தாளில் படுமாறு சாய்த்துப் பிடியுங்கள். கடலோரக் குகைகளில் நன்னீரும் உப்புநீரும் கலக்கும் அடுக்கில் எல்லாமே கானல் போல் நெளியும். அங்கே எழுதவோ படிக்கவோ முயலாமல் அந்த அடுக்கைவிட்டு மேலேயோ கீழேயோ நகர்ந்துகொள்ளுங்கள்.

"மேலே போய் எழுதிக்கொள்ளலாம்" என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நீருக்கடியில் கற்ற சொற்கள் நீருக்கடியிலேயே நன்றாக நினைவுக்கு வருகின்றன, கரையில் குறைகின்றன என்று காடன், பேட்லி என்ற இரு உளவியலாளர்கள் 1975இல் முக்குளிப்பாளர்களைக் கொண்டு காட்டினார்கள். 2021இல் இன்னொருவர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. ஆய்வு எந்தப் பக்கம் சாய்ந்தாலும், கரையேறி உடை மாற்றிய பிறகு இரண்டாவது சந்தியின் ஆழத்தை நிச்சயமாகச் சொல்லும் முக்குளிப்பாளரை நான் பார்த்ததில்லை.

6. கண் மறைந்தால்

வண்டல் கிளம்பித் தன் கையே தனக்குத் தெரியாமல் போனால், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கிக் கயிற்றை அதற்குள் வையுங்கள். இழுக்காதீர்கள், பிடித்து இழுத்தால் கயிறு அறும், அல்லது பிளவுக்குள் போய்ச் சிக்கும். பின்னால் வருகிறவர் முன்னவரின் கையையோ காலையோ தொட்டபடி வர வேண்டும். முன்னே தள்ளினால் போ, பின்னே இழுத்தால் நில் என்பது போன்ற தொடு சைகைகளைக் கரையிலேயே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். அடையாளம் விரலில் படும்போது நின்று, அம்பின் முனை எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்த பிறகே நகர வேண்டும்.

கயிறே கைவிட்டுப் போனால் அதே இடத்தில் நில்லுங்கள். மூச்சு சீராகட்டும். கயிற்றைக் கடைசியாகப் பார்த்தது எந்தப் பக்கம் என்று யோசியுங்கள். அவசர ஸ்பூலின் முனையை அருகிலுள்ள பாறையில் கட்டிவிட்டு, அந்தப் பக்கமாகச் சுரங்கத்துக்குக் குறுக்கே தேடுங்கள். கிடைக்காவிட்டால் ஸ்பூலைப் பிடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்து வேறு கோணத்தில் தேடலாம். கயிறு கிடைத்ததும் ஸ்பூலை அதில் கட்டுங்கள். எந்தப் பக்கம் வெளி என்பது இன்னமும் தெரியாது. அதை அம்பும் குறிப்பேட்டின் "வெளி" எண்ணும்தான் சொல்லும்.

2017 ஏப்ரலில் ஸ்பெயினின் மயோர்கா தீவின் சா பிகேட்டா குகையில் சிஸ்கோ கிராசியா என்பவருக்கு நேர்ந்தது இதுதான். திரும்பும் வழியில் கயிறு இல்லை. கலங்கிய நீரில் தேடியும் கிடைக்கவில்லை. அருகே காற்று நிறைந்த அறை ஒன்று இருப்பது முன்பே அவர் காதில் விழுந்திருந்ததால், அவரும் கூட்டாளியும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மீதமிருந்த காற்று ஒருவருக்குத்தான் போதும். கூட்டாளி வேறொரு நீண்ட பாதையில் வெளியேறி உதவி தேடினார். கிராசியா ஏறத்தாழ 60 மணி நேரம் அந்த இருட்டில் காத்திருந்து மீட்கப்பட்டார். காற்றறைகளையும் மாற்று வழிகளையும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளாமல் நான் இறங்காததற்கு அவர் கதைதான் காரணம்.

மணலில் உள்ள வரிகளும் துணைச் சான்றாக உதவும். வரியின் மெல்லச் சரியும் முகம் நீர் வரும் பக்கமும், செங்குத்தான முகம் நீர் போகும் பக்கமும் இருக்கும். ஊற்றுக் குகையில் நீர் போகும் பக்கமே பொதுவாக வெளி. இதை மட்டும் நம்பி நகராதீர்கள். மற்றச் சான்றுகளோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் பயன்படுத்துங்கள்.

இவற்றைப் பழக மரங்களுக்கிடையே கயிறு கட்டி, கண்ணைத் துணியால் மறைத்துக்கொண்டு தரையிலேயே செய்து பாருங்கள். ஒரு மாலையில் பத்து முறை செய்யலாம்.

7. அளவெடுத்து வரைபடமாக்குவது

வழியறிதல் இரண்டாம் இயல்பான பிறகு அளவெடுப்புக்கு வாருங்கள். அதற்குமுன் வேண்டாம், கவனம் எண்களில் இருக்கும்போது காற்றும் மிதப்பும் தாமாகவே சரியாக இருக்க வேண்டும்.

குறிப்பிட்ட இடைவெளியில், பெரும்பாலும் 3 மீட்டருக்கு ஒன்றாக, முடிச்சுகள் போட்ட கயிற்றைப் பயன்படுத்துங்கள். கயிறு பாறையைத் தொட்டுத் திசை மாறும் ஒவ்வொரு இடமும் ஒரு நிலையம். ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கு முடிச்சுகளை எண்ணினால் தூரம், கயிற்றின் மேல் காம்பஸைப் பிடித்தால் திசை, ஆழமானியில் ஆழம். இந்த மூன்றோடு இடது, வலது, மேல், கீழ்ச் சுவர்கள் எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்பதையும் மதிப்பிட்டு எழுதினால் சுரங்கத்தின் உருவமே கிடைத்துவிடும்.

ஓர் உதாரணம். கயிற்றின் நீளம் 15 மீட்டர், ஆழம் 12 மீட்டரிலிருந்து 21 மீட்டராகிறது, திசை 60°. ஆழ வேறுபாடு 9. 15இன் வர்க்கத்திலிருந்து 9இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் கண்டால் கிடைமட்டத் தூரம் 12 மீட்டர். 60° திசையில் 12 மீட்டர் என்பது வடக்கே 6 மீட்டரும் கிழக்கே ஏறத்தாழ 10.4 மீட்டரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் இப்படிக் கணக்கிட்டுக் கூட்டிக்கொண்டே போனால் குகையின் முதுகுத்தண்டு தாளில் வளர்ந்து வரும். கணினி நிரல்கள் செய்வதும் இதையேதான்.

காம்பஸைக் கரையில் சோதியுங்கள். அதை மேசையில் வைத்து, உங்கள் டார்ச்சையும் எஃகுச் சிலிண்டரையும் மெல்ல அருகே கொண்டுவாருங்கள். பல டார்ச்சுகளின் சுவிட்சில் காந்தம் உண்டு. முள் திரும்புவதைக் கண்ணால் பார்க்கலாம். எவ்வளவு தூரத்தில் திரும்பத் தொடங்குகிறதோ, அளவெடுக்கும்போது டார்ச்சை அதைவிடத் தள்ளிப் பிடியுங்கள். திரும்பும் வழியில் அதே கயிற்றை எதிர்ப்புறமாக ஒருமுறை அளந்தால் இரண்டுக்கும் 180° வித்தியாசம் வர வேண்டும். 5°க்கு மேல் பிசகினால் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

ஆழமானி நன்னீருக்கு அமைக்கப்பட்டதா, கடல்நீருக்கா என்பதையும் எழுதுங்கள். இரண்டுக்கும் 3 சதவீத அளவில் வேறுபாடு உண்டு. 30 மீட்டரில் அது கிட்டத்தட்ட ஒரு மீட்டர். காம்பஸின் வடக்கு உண்மையான வடக்கிலிருந்து விலகும் அளவு இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் தேதி இல்லாத அளவுப் பக்கத்தைப் பின்னால் யாராலும் சரிசெய்ய முடியாது.

8. கரையேறியதும்

குறிப்பேட்டைக் கழுவுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுங்கள். பிறகு அன்றைக்கே, கூட்டாளியோடு உட்கார்ந்து, இருவர் பக்கங்களையும் ஒப்பிட்டு நல்ல தாளில் படியெடுங்கள். ஒருவர் 14 மீட்டர் என்றும் மற்றவர் 17 மீட்டர் என்றும் எழுதியிருந்தால் சமாதானமாக நடுவில் ஓர் எண்ணைப் போடாதீர்கள். இரண்டையும் எழுதி, அடுத்த முறை பார்க்க வேண்டியது என்று குறியுங்கள். தொளதொளத்த முடிச்சு, பிளவுக்குள் நழுவக்கூடிய கயிறு, பெயர்ந்து கிடந்த அம்பு ஆகியவற்றையும் அந்தப் பக்கத்தின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை இறங்கும் முன் புதுப் பக்கத்தில் "திரும்பு" எண்ணுக்குக் கீழே முதலில் எழுத வேண்டியவை அவைதான்.